ஜெயில்ல கஷ்டப்படுத்தினா திருந்துவாங்களா, இல்ல இன்னும் கெட்டுப் போவாங்களா?

மொட்டைமாடி:

வணக்கம் மக்களே, கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

எங்க சித்தி பையன், இப்ப வயசு 20. போன வருஷம் கூட்டாளி ஒருத்தன் திருடின பைக்ல பின்னாடி உக்காந்து போனான், வண்டி செக்கிங்ல ரெண்டு பேரும் மாட்டி திருட்டு கேஸ்ல ரிமாண்ட். அது திருட்டு வண்டின்னு இவனுக்குத் தெரியுமா தெரியாதான்னு இன்னிக்கு வரைக்கும் எங்களுக்கே தெளிவா தெரியாது, அதை விடுங்க. அதுக்கு முன்னாடி ஒரு கேஸ் கிடையாது, ப்ளஸ் டூ முடிச்சிட்டு ஏசி மெக்கானிக் ஒருத்தர்கிட்ட ஹெல்ப்பரா போயிட்டு இருந்தான். உள்ள இருந்தது அஞ்சு மாசத்துக்கு நாலு நாள் கம்மி.

வெளிய வந்து ஆறு வாரம் ஆச்சு. ஆளே மாறிட்டான். லைட்டை அணைச்சா தூக்கம் வரலைங்கறான், சோத்தைப் போட்டா ரெண்டு நிமிஷத்துல தட்டு காலி, யாராவது பின்னாடி வந்து நின்னா வெடுக்குனு திரும்புறான். அதுகூடப் பரவால்ல, போன்ல புதுசு புதுசா நம்பர், எல்லாம் ஏரியா பேரோட சேத்து ஒரு அண்ணன். ராத்திரி பத்து மணிக்கு வாசல்ல பைக் வந்து ஹார்ன் அடிக்குது. ஏசி கடைக்காரர் திரும்ப சேத்துக்க மாட்டேன்னுட்டார், கஸ்டமர் வீட்டுக்குள்ள அனுப்பற வேலைப்பா, நாளைக்கு எதாவது காணாம போச்சுன்னா என் தலைதான் உருளும்ங்கறார். அவரையும் குத்தம் சொல்ல முடியல.

போன வாரம் ஒரு காதுகுத்து, அங்க பந்தியில எங்க மாமா ஆரம்பிச்சிட்டார். இப்பல்லாம் ஜெயில்னா மாமியார் வீடு, கோழிக்கறி போடுறான், டிவி வெக்கிறான், ஃபேன் போடுறான், பின்ன எப்படி பயம் வரும், அந்தக் காலத்து மாதிரி களியைப் போட்டு கல்லு உடைக்க விட்டா ஒருத்தனும் ரெண்டாவது தடவை அந்தப் பக்கம் போக மாட்டான்னு. பந்தியில பாதிப் பேர் தலையாட்டினாங்க. எனக்கு பதில் சொல்லத் தெரியல, ஆனா இவனைப் பாத்தா மாமியார் வீட்டுக்குப் போயிட்டு வந்தவன் மாதிரி இல்ல.

அதான் கேக்குறேன். உள்ள நிலைமை கொடூரமா இருந்தா திரும்ப உள்ள போறது குறையுதா, கூடுதா? யாராவது உக்காந்து கணக்கெடுத்திருக்காங்களா? அப்புறம் இவனை என்ன பண்றதுன்னும் தெரிஞ்சவங்க சொல்லுங்க.


லாக்கப்_மணி:

தம்பி, சிறைத்துறையில 31 வருஷம் சர்வீஸ் போட்டு ரிட்டயர் ஆனவன் நான். எந்த ஊருன்னு கேக்காதீங்க, நாலஞ்சு ஊரு பாத்தாச்சு.

உங்க மாமா சொல்ற களி, நான் வேலைக்குச் சேரும்போதே பழங்கதை ஆயிடுச்சு. கோழிக்கறிக்காக திரும்பி வந்தவன்னு ஒருத்தனை நான் பாத்ததில்ல. மழைக்காலத்துல ஒண்ணு ரெண்டு வயசானவங்க எங்கயாவது கண்ணாடியை உடைச்சிட்டு வேணும்னே உள்ள வருவாங்க, அது படுக்க இடம் இல்லாத கேஸ், அதை இதுல சேக்காதீங்க.

சின்னப் பையன் எப்படிக் கெடுறான்னு நான் சொல்றேன். சாயங்காலம் ஆறு மணி வாக்குல எண்ணிக்கை எடுத்து அடைச்சா மறுநாள் காலையிலதான் திறப்பு. அந்தப் பன்னெண்டு மணி நேரம் பிளாக்குக்குள்ள ராஜ்யம் எங்களோடது இல்ல தம்பி. நாங்க வராண்டாவுல நடப்போம், தலையை எண்ணுவோம், அவ்வளவுதான், இருக்கற ஆளும் கம்மி. உள்ள யார் எங்க படுக்கறது, யார் பாத்ரூம் பக்கம் படுக்கறது, எல்லாத்தையும் வேற ஆளு முடிவு பண்ணுவான்.

தண்டனைக் கைதிக்காவது தறி இருக்கு, பேக்கரி இருக்கு, தையல் இருக்கு, ஏதோ ஒரு கூலி இருக்கு. கொஞ்சம் நல்ல பேர் எடுத்தா சிங்காநல்லூர், புரசடை உடைப்பு மாதிரி திறந்தவெளிச் சிறைக்குப் போய் வயல்ல வேலை செய்யலாம், தண்டனை நாளும் குறையும். பெட்ரோல் பங்க் பாத்திருப்பீங்க, அதுலயும் வேலைக்குப் போடுறாங்க. ரிமாண்ட் கைதிக்கு இது எதுவும் கிடையாது. அவன் குற்றவாளின்னு இன்னும் முடிவாகல, அதனால அவனை வேலை செய்யச் சொல்ல சட்டத்துல இடமில்ல. நல்ல எண்ணத்துல வெச்ச விதிதான். ஆனா நடக்கறது என்னன்னா இருபது வயசுப் பையன் காலையிலருந்து ராத்திரி வரைக்கும் சும்மா குந்தி கதை கேக்குறான். எவன் எப்படி சைடு லாக் உடைச்சான், எந்த ஊர்ல எந்தக் கடைக்காரன் கேள்வி கேக்காம வண்டி வாங்குவான், இதான் கதை.

இன்னொண்ணு, சோப்பு. சிரிக்காதீங்க. உள்ள வந்த மொத வாரத்துல பையனுக்கு சோப்பு, பேஸ்ட், ஒரு ஜோடி செருப்பு வேணும், பீடி பழக்கம் இருந்தா பீடி வேணும். வீட்டுல இருந்து மனு பாக்க, அதான் கைதியை நேர்ல சந்திக்க, ஆள் வந்து கேன்டீனுக்கு காசு கட்டினா பொழச்சான். அம்மா கூலி வேலைக்காரி, ஒரு நாள் மனு பாக்க வந்தா ஒரு நாள் கூலி போகுது, பஸ் காசு வேற, அப்ப வர மாட்டாங்க. அந்த சோப்பைக் குடுக்கறவன்தான் உங்க பையன் போன்ல அண்ணன்னு பதிவாகி இருக்கறவன். குடுக்கும்போது கணக்கு சொல்ல மாட்டான், வெளிய வந்தப்புறம் சொல்லுவான்.

லைட் பத்திக் கவலைப்படாதீங்க. உள்ள ராத்திரி பூரா லைட்டு எரியும், அந்தப் பழக்கம் ரெண்டு மாசத்துல போயிடும். தட்டு விஷயமும் தானா சரியாகும். ஹார்ன் சத்தம்தான் தானா போகாது.


கடைவீதி:

எல்லாரும் கைதிக்கே அழுறீங்களே, பறிகொடுத்தவனுக்கு அழ ஒருத்தனும் இல்லையா. எனக்கு ஹார்டுவேர்ஸ் கடை. பதினாலு மாசத்துல ரெண்டு தடவை ஷட்டரை நெம்பினான், ரெண்டு தடவையும் ஒரே ஆளு. மொத தடவை புடிச்சாங்க, உள்ள போனான், வெளிய வந்தான், நேரா என் கடைக்கே வந்தான், ஏன்னா எந்தப் பூட்டுன்னு அவனுக்குத் தெரியும். அவன் வெளிய வந்ததே எனக்குத் தெரியாது, யாரும் சொல்லல. போன காப்பர் வயர்ல ஒரு மீட்டர்கூட திரும்பி வரல.

மொட்டைமாடி ப்ரோ, உங்க மாமா சொன்னதுல என்ன தப்பு? மத்திய அமெரிக்காவுல எல் சால்வடார்னு ஒரு நாடு, அங்க 2023ல 40,000 பேர் புடிக்கிற மாதிரி ஒரே ஜெயிலைக் கட்டி மெத்தை இல்லாம தகரக் கட்டில்ல படுக்கப் போட்டான், ஊரே அமைதி ஆயிடுச்சு. நம்ம ஆளுங்க மட்டும் மனித உரிமைன்னு பேசிட்டே இருங்க.


லாக்கப்_மணி:

கடைவீதி அண்ணாச்சி, உங்க கோவம் நியாயம். வெளிய வர்ற தகவல் பறிகொடுத்தவங்களுக்குப் போறதே இல்லைங்கறது எங்க டிபார்ட்மென்ட்ல இருந்த எனக்கே உறுத்தல்தான். கைதி கூலியில ஒரு பங்கை எடுத்து பாதிக்கப்பட்டவங்களுக்கு சேரணும்னு சுப்ரீம் கோர்ட் 1998லயே சொல்லிடுச்சு. ஆனா கூலியே தண்டனைக் கைதிக்குத்தான். உங்க ஷட்டரை நெம்பினவன் ரிமாண்ட்லயே இருந்துட்டுப் போயிருந்தா அந்தக் கணக்குல உங்களுக்கு ஒத்தைப் பைசா வராது.


சும்மா_ஒரு_ஆளு:

எல் சால்வடார் கதைக்கு ஒரு வரி. அந்த ஜெயில்ல போட்ட அவங்க ஊரு கேங் ஆளுங்களை வெளிய விட மாட்டோம்னு அவங்களே சொல்றாங்க ப்ரோ. வெளிய வராதவன் திரும்பத் தப்பு பண்ணானான்னு எப்படி பாக்கறது? ஊரு அமைதியா இருக்கறது வேற, உள்ள போனவன் திருந்தறது வேற. உங்க ஷட்டர்காரனை காப்பர் வயர் திருட்டுக்கு ஆயுசு பூரா உள்ள வெப்பீங்களா, அதுக்கு சோறு போடறதும் நம்ம வரிக்காசுதான்.


வாய்தா_வக்கீல்:

கிரிமினல் சைடுல பன்னெண்டு வருஷமா ப்ராக்டிஸ். மொட்டைமாடி சார், எனக்கு ஒரு விஷயம் இடிக்குது. மொத கேஸ், சாதாரண திருட்டு செக்‌ஷன், அதுக்கு அதிகபட்சமே மூணு வருஷம். 60 நாளைக்குள்ள சார்ஜ் ஷீட் போடலைன்னா மனு போட்டு ஜாமீன் வாங்கற உரிமை வந்துடும், அதுக்கு முன்னாடியே மாஜிஸ்ட்ரேட் கோர்ட்ல சாதாரணமா ஜாமீன் கிடைக்கற கேஸ். அப்புறம் எப்படி அஞ்சு மாசம்?

நானே ஊகிக்கிறேன், ஆர்டர் கிடைச்சிருக்கும், ஷூரிட்டி கிடைச்சிருக்காது. ரெண்டு ஜாமீன்தாரர், அதுல ஒருத்தர் ரத்த சொந்தம், சொத்து வரி ரசீது, விஏஓ சர்டிபிகேட்டுன்னு கேட்டிருப்பாங்க. வாடகை வீட்டுல இருக்கறவங்க எங்க போவாங்க? கோர்ட் ஆர்டர் போட்டும் உள்ளயே கிடக்கறவங்க கூட்டம் ஒண்ணு எல்லா ஜெயில்லயும் உண்டு.

மத்தவங்களுக்காவது பயன்படட்டும்னு சொல்றேன். 2023 ஜனவரி கடைசியில சுப்ரீம் கோர்ட் ஒரு வழிமுறை போட்டுச்சு. ஜாமீன் கிடைச்சு ஏழு நாள்ல ஆள் வெளிய வரலைன்னா ஜெயில் சூப்பிரண்டு மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு (இலவச சட்ட உதவி குடுக்கற அமைப்பு) செயலாளருக்கு சொல்லணும். ஒரு மாசம் ஆகியும் ஷூரிட்டி குடுக்க முடியலைன்னா கோர்ட்டே தானா முன்வந்து நிபந்தனையைத் தளர்த்தலாமான்னு பாக்கலாம். இது தெரிஞ்ச குடும்பம் எத்தனைன்னு நினைக்கிறீங்க. ஒரு தபால் அட்டையில எழுதி ஆணைக்குழுவுக்குப் போட்டாக்கூட எடுத்துக்குவாங்க, ஃபீஸ் கிடையாது.

உங்க மாமாவுக்கு ஒரு கணக்கு சொல்லுங்க. 2022 கடைசியில இந்தியா பூரா ஜெயில்ல இருந்தவங்க 5,73,220 பேர், இடம் இருந்தது 4,36,266 பேருக்கு. அதுல விசாரணைக் கைதி மட்டும் 4,34,302. அதாவது நாலுல மூணு பேர் தண்டனையே வாங்காதவங்க. (நம்ம ஸ்டேட்ல மொத்தமா பாத்தா கொள்ளளவுக்குள்ளதான் இருக்கோம், உ.பி., பீகார் அளவுக்கு மோசம் இல்ல.) தண்டனையைக் கடுமையாக்கணும்னு சொல்றவர் முதல்ல தண்டனைன்னு ஒண்ணு வந்துச்சான்னு பாக்கணும்ல.

திரும்பத் தப்பு பண்றவங்க எத்தனை பேருங்கற அரசாங்கக் கணக்கையும் அப்படியே நம்பிடாதீங்க. ஏற்கனவே ஒரு தடவை தண்டனை ஆகி மறுபடி தண்டனை ஆனவனைத்தான் அதுல எண்ணுவாங்க. நம்ம ஊர்ல கேஸ் முடியவே ஏழெட்டு வருஷம் இழுக்குது. அதுக்குள்ள ஒருத்தன் மேல எட்டு எஃப்ஐஆர் இருக்கும், குண்டாஸ்கூட ஒரு ரவுண்டு போயிட்டு வந்திருப்பான், ஒண்ணுலயும் தண்டனை ஆகலைன்னா கணக்குல அவன் உத்தமன்.


ஒஸ்லோ_பனி:

எல்லாருக்கும் வணக்கம். நான் நோர்வேயில இருக்கிறன், வந்து 20 வருசத்துக்கு மேல. இந்த விசயம் கதைச்சாலே ஆராவது ஒராள் ஹால்டன் சிறையின்ர படத்தைக் கொண்டுவந்து போடுவினம், அதுக்கு முதல் நானே சொல்லிவிடுறன்.

ஹால்டன் 2010ல திறந்தது. உயர் பாதுகாப்புச் சிறைதான், கொலை செய்த ஆக்களும் இருக்கினம். ஆனா ஜன்னலுக்குக் கம்பி இல்லை, அறைக்குள்ளயே குளியலறை, தாங்களே சமைச்சுச் சாப்பிடலாம். பாஸ்தோய் எண்டு இன்னொண்டு, தீவில கிடக்கு, அங்க கைதியள் தோட்டம் செய்யினம், குதிரை பாக்கினம். உங்கட மாமா கண்டா மயங்கி விழுந்திடுவார்.

நோர்வேயில 20 வீதம்தான் திரும்பக் குற்றம் செய்யினம், அமெரிக்காவில 76 வீதம் எண்டு இணையத்தில அடிக்கடி எழுதுவினம். அது நேர்மையான ஒப்பீடு இல்லை. எங்கட 20 எண்டுறது விடுதலையாகி ரெண்டு வருசத்துக்குள்ள புதுத் தண்டனை கிடைச்ச ஆக்கள். அமெரிக்காவின்ர 76.6 எண்டுறது 2005ல 30 மாநிலங்களில விடுதலையான ஆக்களை அஞ்சு வருசம் பின்தொடர்ந்து, ஒருக்கா எண்டாலும் கைதான ஆக்களை எண்ணினது. கைது வேற, தண்டனை வேற, ரெண்டு வருசம் வேற, அஞ்சு வருசம் வேற. வக்கீல் ஐயா சொன்ன மாதிரி எதை எண்ணுறம் எண்டதிலதான் எல்லாம் கிடக்கு. அதோட இஞ்ச சின்னக் குற்றத்துக்கும் கொஞ்ச நாள் உள்ள போடுவினம், வேகமா கார் ஓடினாலும் உள்ளதான், அந்த ஆக்கள் திரும்ப வராயினம் எண்டா அதில பெரிய அதிசயம் இல்லை.

ஆனா ஒரு ஆராய்ச்சி எனக்கு நம்பக்கூடியதாக் கிடந்தது. இஞ்ச வழக்கு எந்த நீதிபதியிட்டப் போகுமெண்டது கிட்டத்தட்ட குலுக்கல் மாதிரி. சில நீதிபதியள் கடும், சிலர் இளகின மனம். அப்ப ஒரே மாதிரி ஆக்களில சிலர் சிறைக்குப் போவினம், சிலர் போகாயினம். அதை வைச்சுப் பாத்தவை. 2020ல பிரசுரிச்சது. சிறைக்குப் போன ஆக்களில திரும்பக் குற்றம் செய்யிறது குறைஞ்சுதான் கிடந்தது, ஆனா ஆர் குறைச்சவை? உள்ள போக முதல் வேலை இல்லாமல் இருந்த ஆக்கள். அவைக்கு உள்ள தொழில் பழக்கினவை, வெளியில வந்து வேலை எடுத்தவை. ஏற்கனவே வேலையில இருந்த ஆக்களுக்கு அப்பிடி நடக்கேல்லை, உள்ள போனதால இருந்த வேலையும் போய் பிறகும் எழும்ப முடியேல்லை.

மொட்டைமாடி, உங்கட தம்பி இந்த ரெண்டாவது ஆள். அவருக்கு வேலை இருந்தது. அதைத்தான் சிறை எடுத்தது.

இஞ்ச எல்லாம் வடிவா நடக்குதெண்டும் நினையாதேங்கோ. தனிய அடைச்சு வைக்கிறது கூடிப்போச்செண்டு 2019ல நாடாளுமன்ற ஒம்புட்ஸ்மனே, அதாவது முறைப்பாடுகளை விசாரிக்கிற அதிகாரியே, அறிக்கை குடுத்தவர், காசு வெட்டினதால ஆள் பத்தாது, ஆள் பத்தாட்டி அறைக்குள்ள அடைக்கிறதுதானே சுகம். ஒரு விசயம் மட்டும் எனக்குப் பிடிக்கும். உள்ள படிப்பிக்கிற ஆசிரியர், நேர்ஸ், நூலகர் ஒருத்தரும் சிறைத்துறை ஆக்கள் இல்லை, வெளியில ஊர்ச்சபையில இருந்து வாற அதே ஆக்கள். வெளியில போனாப் பிறகும் அதே ஆக்களிட்டத்தான் போகவேணும்.


சும்மா_ஒரு_ஆளு:

எங்க காலேஜ் ஹாஸ்டல்லயே ரூமுக்குள்ள பாத்ரூம் கிடையாது. நார்வே ஜெயிலுக்கு அப்ளிகேஷன் எங்க கிடைக்கும் அண்ணே?


ஒஸ்லோ_பனி:

தம்பி, அதுக்கும் வரிசை. தண்டனை கிடைச்சும் இடம் இல்லாமல் வீட்டில கடிதம் வரும்வரை பாத்துக்கொண்டிருந்த காலம் இஞ்ச இருந்தது.


கணக்கு_வாத்தி:

மொட்டைமாடி கேட்ட கேள்விக்கு நேரடியான பதில் ஒண்ணு இருக்கு, யாரும் சொல்லலைன்னு எழுதறேன். சென், ஷாபிரோன்னு ரெண்டு பேர் 2007ல அமெரிக்க மத்திய அரசு ஜெயில்களை வெச்சு இதைத்தான் பாத்தாங்க. அங்க உள்ள வர்ற ஒவ்வொரு கைதிக்கும் மார்க் போடுவாங்க, அந்த மார்க்கைப் பொறுத்து சாதாரண ஜெயிலா, கடுமையான ஜெயிலான்னு போகும். கட்-ஆஃபுக்கு ஒரு மார்க் மேல இருக்கறவனும் ஒரு மார்க் கீழ இருக்கறவனும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி ஆளுதான், நம்ம ப்ளஸ் டூ கட்-ஆஃப் மாதிரி நினைச்சுக்கோங்க. ஆனா ஒருத்தன் கடுமையான ஜெயிலுக்குப் போறான், இன்னொருத்தன் போகல. வெளிய வந்தப்புறம் பாத்தா கடுமையான ஜெயில்ல இருந்தவன் திரும்ப கைதாகறது குறையல, சொல்லப்போனா கூடின மாதிரிதான் இருந்துச்சு. இத்தாலியிலயும் வேற ஒரு குழு பாத்து கஷ்டம் கூடினதால குறைஞ்சதுன்னு சொல்ல எதுவும் கிடைக்கலைன்னாங்க.

மணி சார் சொன்ன கதை கேக்கற விஷயத்துக்கும் ஆதாரம் உண்டு. ஃப்ளோரிடாவுல சிறார் சீர்திருத்தப் பள்ளிகள்ல யார்கூட யார் தங்கினாங்கன்னு பாத்து 2009ல எழுதினாங்க. அதுல சுவாரசியம் என்னன்னா, ஏற்கனவே வீடு புகுந்து திருடின பழக்கம் உள்ள பையனை அதே மாதிரி பசங்களோட போட்டா அவன் வெளிய வந்து அதையே இன்னும் அதிகமா பண்றான். அந்தப் பழக்கமே இல்லாதவன் புதுசா அந்தத் தொழிலை எடுத்துக்கறது அந்த அளவுக்குத் தெரியல. அதனால ஜெயிலுக்குப் போனவன் எல்லாம் திருட்டுல பட்டம் வாங்கிட்டு வருவான்னு நினைக்க வேண்டாம். அரைகுறையா தெரிஞ்சவன்தான் முழுசா கத்துக்கறான். சித்தி பையனுக்கு இன்னும் நேரம் இருக்குன்னு எடுத்துக்கலாம்.


பழைய_நம்பர்:

இந்த ஐடி புதுசா திறந்தேன், காரணம் புரியும். நான் உள்ள இருந்தவன். அடிதடி கேஸ், ரிமாண்ட்ல ஏழு மாசம், அப்புறம் கேஸ்ல விடுதலை ஆயிட்டேன், இப்ப லோடு ஆட்டோ ஓட்றேன், ரெண்டு குழந்தை.

உள்ள எப்படின்னு நிறைய பேர் சொல்லிட்டாங்க, நான் வெளிய வர்ற அன்னிக்கு நடந்ததை சொல்றேன். ஆர்டர் வந்து சேர சாயங்காலம் ஆயிடும், கையெழுத்து, அங்க அடையாளம், அது இதுன்னு கேட்டுக்கு வெளிய வரும்போது இருட்டிடும், கையில போன் இருக்காது ஏன்னா போன் கோர்ட்ல கேஸ் சொத்தா கிடக்கும், பர்சுல இருந்த காசு எவ்வளவுன்னு எழுதினாங்களோ அவ்வளவுதான் வரும், எனக்கு வந்தது நாப்பது ரூபா, வீட்டுக்கு இன்னிக்கு வர்றேன்னு சொல்ல வழி இல்ல, வக்கீல் சொல்லியிருந்தா உண்டு, நான் வந்தப்ப வீட்டு ஆளு ஒருத்தரும் இல்ல, ஆனா ரோட்டுக்கு அந்தப் பக்கம் ரெண்டு பைக் நின்னுச்சு, என் பிளாக்ல இருந்த அண்ணன் எனக்கு முன்னாடியே வெளிய போயிருந்தார், அவர் அனுப்பினது. வாடா சாப்பிட்டுப் போலாம்னான். பிரியாணி வாங்கிக் குடுத்தான், புது சட்டை குடுத்தான், அம்மாகிட்ட குடுன்னு ரெண்டாயிரம் குடுத்தான். மாமா சொல்ற கோழிக்கறி உள்ள இல்ல சார், கேட்டுக்கு வெளிய இருக்கு.

அந்த ரெண்டாயிரத்தைத் திருப்பிக் குடுக்க எனக்கு ஒன்றரை வருஷம் ஆச்சு, காசா இல்ல, வேற வேற விதமா. ஒரு தடவை ஒருத்தனை எங்க இருக்கான்னு பாத்துட்டு வந்து சொல்லுன்னாங்க. அவ்வளவுதான் வேலை, பாத்துட்டு வந்து சொன்னேன். அடுத்து என்ன நடந்துச்சுன்னு இங்க எழுத மாட்டேன்.

இன்னொண்ணு சாதி. வெளிய எனக்கு அந்த நினைப்பே கம்மி. உள்ள நுழைஞ்சதும் மொத கேள்வி எந்த ஊரு, ரெண்டாவது கேள்வி என்ன ஆளுங்க. அதை வெச்சுதான் யார்கூட உக்காரணும்னு முடிவாகும். கையில சாதிக் கயிறு கட்டாம உள்ள போனவன் கயிறு கட்டிட்டு வெளிய வந்தேன்.

மொட்டைமாடி அண்ணா, திட்டாதீங்க அவனை. ஹார்ன் அடிக்கும்போது நீங்க போய் வெளிய நில்லுங்க, சண்டை போடாதீங்க, தம்பி தூங்கிட்டான்னு மட்டும் சொல்லுங்க. தினமும். எங்க அக்கா வீட்டுக்காரர் எனக்கு அதான் பண்ணார், நாலு மாசம் பண்ணார்.


வாய்தா_வக்கீல்:

பழைய_நம்பர் தம்பி சொன்ன சாதி விஷயத்துக்கு ஒரு வார்த்தை. பாளையங்கோட்டை சிறையில சாதிவாரியா பிளாக் பிரிக்கறாங்கன்னு மெட்ராஸ் ஹைகோர்ட் வரைக்கும் ஒரு வழக்கு போச்சு, மோதல் வராம இருக்க அப்படி வெக்கிறோம்னு அரசு சொன்னதை அப்ப ஹைகோர்ட் ஏத்துக்கிச்சு. 2024 அக்டோபர் 3ந்தேதி சுப்ரீம் கோர்ட், பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா போட்ட வழக்குல, அந்த வாதம் செல்லாதுன்னு சொல்லி, சிறை விதிகள்ல சாதி பாத்து வேலை குடுக்கறது, பிரிச்சு வெக்கறது எல்லாத்தையும் ரத்து பண்ணிடுச்சு. பதிவேட்டுல சாதி கலம் இருக்கக்கூடாதுன்னும் சொல்லிச்சு. தீர்ப்பு வந்தாச்சு, சாயங்காலம் ஆறு மணிக்கு மேல பிளாக்குக்குள்ள யார் தீர்ப்பு நடக்குதுன்னு மணி சார் ஏற்கனவே சொல்லிட்டார்.


கடைவீதி:

பழைய_நம்பர், நீ எழுதினதை ரெண்டு தடவை படிச்சேன். எனக்கு இன்னும் அந்த ஷட்டர்காரன் மேல கோவம் போகல, பொய் சொல்ல மாட்டேன். ஆனா அவன் வெளிய வந்த மொத வாரத்துல எங்க போயிருப்பான்னு இப்ப யோசிக்கிறேன்.


மொட்டைமாடி:

எல்லாருக்கும் நன்றி, இவ்வளவு பேர் எழுதுவீங்கன்னு நினைக்கல.

வக்கீல் சார் ஊகிச்சது அப்படியே சரி. 41ஆவது நாள் ஜாமீன் ஆர்டர் கிடைச்சிடுச்சு. ரத்த சொந்தத்துல சித்தப்பா கையெழுத்து போட்டார், ரெண்டாவது ஆளு சொத்தோட வேணும்னாங்க. சொத்து இருக்கற ஒரே ஆளு எங்க மாமாதான், அதே மாமா. அவன் கொஞ்ச நாள் உள்ள கிடக்கட்டும், அப்பதான் புத்தி வரும்னு சொல்லி கையெழுத்து போடாம நூறு நாளைக்கு மேல இழுத்தார். இதை நேத்து வரைக்கும் நான் ஒரு பெரிய விஷயமா நினைக்கல. சோப்பு கதை படிச்சப்புறம் சித்திகிட்ட கேட்டேன், அஞ்சு மாசத்துல மூணு தடவைதான் மனு பாக்கப் போயிருக்காங்க.

நேத்து ராத்திரி ஹார்ன் அடிச்சப்ப நான் போய் நின்னேன். ஒரு பொடியன், பதினெட்டு வயசு இருக்கும். தம்பி தூங்கிட்டான்னேன், சரிண்ணான்னு போயிட்டான். கைகால் நடுங்கிச்சு எனக்கு.

கேஸ் இன்னும் நடக்குது. தண்டனை ஆச்சுன்னா திரும்ப உள்ள போகணுமா சார்? அவன் போனும் இன்னும் கோர்ட்லதான் இருக்கு, இப்ப வெச்சிருக்கறது அந்த அண்ணன் குடுத்தது.


வாய்தா_வக்கீல்:

முதல்ல போன். சொத்தைத் திரும்பக் கேட்டு ஒரு மனு போடுங்க, பில்லு இருந்தா எடுத்துட்டு வாங்க, பில்லு இல்லைன்னா டப்பாவுல இருக்கற ஐஎம்இஐ நம்பர் போதும். கிடைக்கற வரைக்கும் நீங்களே ஒரு பட்டன் போன் வாங்கிக் குடுத்துட்டு அந்தப் போனை அதே ஹார்ன் அடிக்கற பொடியன்கிட்ட திருப்பிக் குடுத்துடுங்க, வெச்சுக்கவே வெச்சுக்காதீங்க, அது யார்கிட்டருந்து அடிச்ச போனோ யாருக்குத் தெரியும்.

கேஸ் விஷயம். நன்னடத்தைச் சட்டம்னு 1958ல ஒண்ணு இருக்கு. 21 வயசுக்குக் கீழ இருக்கறவனை, ஆயுள் தண்டனை அளவுக்குப் போகாத கேஸ்ல, ஜெயிலுக்கு அனுப்பறதா இருந்தா ஏன் நன்னடத்தையில விட முடியாதுன்னு கோர்ட் காரணம் எழுதணும். நன்னடத்தை அலுவலர் ரிப்போர்ட் கேப்பாங்க, அவர் வீட்டுக்கு வருவார், அக்கம்பக்கத்துல விசாரிப்பார், வேலைக்குப் போறானான்னு பாப்பார். அந்தச் சட்டத்துல விட்டா தண்டனையால வர்ற தகுதியிழப்பும் ஒட்டாது. ஆனா உங்க பையனுக்கு இப்பவே 20, அதனால வாய்தா மேல வாய்தா வாங்கி இழுக்கற வக்கீலா இருந்தா மாத்துங்க.

வேலைக்குப் போறான்னு காட்டணும், அதான் முக்கியம்.


கடைவீதி:

ஏசி ஹெல்ப்பர்னா டூல்ஸ் பேரு தெரியும்ல? எந்த ஊரு நீங்க?


மொட்டைமாடி:

ஆவடி பக்கம்ணே.


கடைவீதி:

நான் அம்பத்தூர். கடையில உக்கார வெக்க மாட்டேன், கல்லாப்பெட்டி இருக்கு, என்னால முடியாது, தப்பா நினைக்காதீங்க. குடோன்ல பைப் இறக்கற வேலை இருக்கு, காலையில எட்டு மணி, வாரக் கூலி. நீங்களும் கூட வாங்க மொத நாள். நம்பரை இன்பாக்ஸ்ல அனுப்புங்க.